கணக்கில் வராதது

நேற்றும் ஒன்று பிடித்தேன்.
மூன்றாம் மாடி அவசரப் படிக்கட்டு,
கதவு பூட்டிக்கொள்ளாதிருக்க இடுக்கில் மடித்துச் செருகிய அட்டை,
கீழே பாயான் லெப்பாஸ் சாலையில்
தொழிற்சாலைப் பேருந்துகள்,
தலைக்கு மேல் தரையிறங்கும் விமானத்தின் வயிறு.
சியூ லான் லைட்டரை நீட்டினாள்.
"நான் விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே
குனிந்து பற்றவைத்தேன்.

இதுதான் கனவின் கேவலம்.
விட்டதும் ஞாபகமிருக்கிறது,
பிடிக்கவும் செய்கிறேன்.

நிஜத்தில் முதல் இழுப்பு
ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.
தொண்டையைப் பிராண்டும்,
மழைக்காலத்தில் காயாத துணிபோல் நாறும்.
கனவில் முழங்கால்வரை இறங்கியது.
பெட்டியின் மேல் படம்கூட இல்லை.
அழுகிய கால், புண்பட்ட கழுத்து,
ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை.
கனவுக்குச் சுகாதார அமைச்சு கிடையாது போல.

மணி நான்கு பத்து.
நாக்கில் சாம்பல்.
விரல்களை முகர்கிறேன்:
சவர்க்காரம், இரவு நறுக்கிய வெங்காயம்.
நம்பாமல் இன்னொரு முறை.
நூற்று நாற்பத்து மூன்று நாளும் போச்சு
என்று இருட்டில் நெஞ்சடைத்து உட்கார்ந்திருந்தேன்.
பிறகுதான் உறைத்தது:
ஆட்குறைப்பில் வேலை போய்
சியூ லான் ஜொகூருக்குப் போய் இரண்டு வருடம்.

யாரிடம் சொல்ல?
பக்கத்தில் படுத்திருக்கும் தயாபரனுக்கு
நான் புகைத்ததே தெரியாது.
பதினோரு வருடம்.
நாளுக்கு நான்கு, சம்பள நாளில் ஐந்து.
புதினா மிட்டாய், கைப்பையில் வாசனைத் தைலம்,
வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியல்.
செய்ததையே சொல்லாதவள்
செய்யாததை எப்படி ஒப்புக்கொள்வாள்?

தூசு புகாத அறையில் எனக்கு வேலை.
புகைத்தவர் மூச்சில் துகள் வருமென்று
அரைமணி வெளியே நிற்கச் சொல்வார்கள்.
ஒரு குவளைத் தண்ணீர், ஒரு பொய்,
உள்ளே போய்விடுவேன்.
இப்போது வெள்ளை அங்கிக்குள்
கண் மட்டும் தெரிய நிற்கிறேன்.
என் மூச்சை யாரும் சந்தேகிப்பதில்லை,
என்னைத் தவிர.

கிளினிக்கில் நூர்ஹயாத்தி
குழாயை நீட்டினாள்.
"பதினைந்து வினாடி மூச்சைப் பிடி. இப்போ ஊது."
அந்தப் பதினைந்து வினாடியும்
படிக்கட்டில்தான் நின்றிருந்தேன்.
இரண்டு என்றது மெஷின்.
"ராத்திரி ஒன்று பிடித்தேன், கனவில்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவள் கணவர் விட்டு ஆறு வருடமாம்.
நோன்பு மாதத்துப் பகல் தூக்கத்தில்
இன்னும் பிடிப்பாராம்.
திடுக்கிட்டு எழுந்து கேட்பாராம்,
நோன்பு முறிந்துவிட்டதா என்று.
"முறியாது" என்றாள்,
என் அட்டையில் இரண்டு என்று எழுதியபடி.

இடைவேளையில் இன்னும் அந்தப் படிக்கட்டுக்குப் போகிறேன்.
கொய்யாத் துண்டுகள், அசாம் பொடி.
ஏழு நிமிடத்துக்கு
யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.
கை மட்டும்
கொய்யாவை இரண்டு விரலிடுக்கில் பிடிக்கும்.

இன்றைக்குத் தயாபரன் விழித்துக்கொண்டார்.
"கனவா?"
"ம்."
"என்ன கனவு?"
"கடல்."
மின்விசிறி ஏழெட்டுச் சுற்று கிறீச்சிட்டது.
"முன்னெல்லாம் இந்நேரத்துக்கு இருமுவ" என்றார்,
"இப்ப இல்ல."
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

எவ்வளவு தெரியும் இந்த மனுஷனுக்கு?
முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முதுகு சொல்லவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பேருந்து.
இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்.
சியூ லான் மறுபடி வந்தால் வரட்டும்.
லைட்டரைத் தட்டுவதற்குள்
ஜொகூரில் வேலை கிடைத்ததா என்று
முதலில் கேட்டுவிட வேண்டும்.